ஓரெய்ன் பேசிய இரண்டு பேர்

காலை பத்து மணிக்கு முத்தாயியின் மகள் வாணி அழைத்தபோது கிளீட்டஸ், பாச்சாங்கில் ஓர் அடுக்குமாடி வளாகத்தின் வாசலில் ஜாகாவாக, காவலாளி உடுப்போடு உட்கார்ந்திருந்தார்.

“அங்கிள், வாணி பேசுறேன். அம்மா பெரிய ஆஸ்பத்திரியில இருக்காங்க. இனிப்புநீரு வியாதி கால்ல ஏறிடுச்சு. இன்னைக்கே வெட்டணும்னு சொல்றாங்க. நீங்க உடனே வாங்க.”

“நான் வந்து என்னம்மா செய்ய? நான் என்ன டாக்டரா?”

“அம்மா பேசுறது இங்க யாருக்குமே புரியல அங்கிள். உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.”

முத்தாயி எந்த மொழியில் பேசுகிறார் என்று கிளீட்டஸ் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அதற்கு ஓரெய்ன் என்று பெயர். உலகத்தில் அதைப் பேசத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கால் அழுகி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். இன்னொருவர் அதை உண்டாக்கிய கிளீட்டஸ். கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல், மாற்று ஆள் கேட்டு அலுவலக அறைக்கு நடந்துகொண்டிருந்தார்.

கிளீட்டசுக்கு ஐம்பத்தேழு வயது. ஜாசின் பக்கம், இன்று செம்பனையாகிவிட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஆறாம் ஆண்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எல்லாரையும் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னார். மற்ற பிள்ளைகள் சேலம், நாமக்கல், தஞ்சாவூர் என்று வேர்வரைக்கும் எழுதிவந்தார்கள். கிளீட்டசின் தாத்தாவோ கைக்குழந்தையாகத் தேவாலய வாசலில் விடப்பட்டவர். ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பெயர், சொந்த ஊர் இரண்டு கட்டமும் வெறுமை. எனவே பன்னிரண்டு வயதுப் பையன் வேரைத் தானே செய்துகொண்டான். ஆற்று முகத்துவாரத்தில் வலை பின்னி வாழ்ந்த ஒரு கூட்டம், அவர்களுக்குப் பதினாறு பெயர்கள். ஆசிரியர் சரி போட்டு, பக்கத்தில் ‘நன்று’ என்றும் எழுதிவிட்டார்.

பெயர் வந்த பிறகு பேச்சும் வேண்டுமே. செர்காம் கடற்கரைக்கு அப்பாவோடு மீன் வாங்கப் போகும்போதெல்லாம், மீனவர்கள் வலையைச் சரிசெய்வதை அவன் பார்த்திருக்கிறான். நூலின் ஒரு முனையை உதட்டில் கவ்விக்கொண்டே பக்கத்து ஆளிடம் கதை பேசுவார்கள். தன் முன்னோரும் அப்படித்தான் பேசியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தான். ஓரெய்ன் என்றாலே ‘நூல் கவ்விய வாய்’ என்று பொருள். உதடு குவியலாம், ஒட்டவோ பல்லைத் தொடவோ கூடாது. ப இல்லை, ம இல்லை, வ இல்லை. நாக்கும் தொண்டையும் மூக்கும் செய்கிற பதினான்கு மெய், ஐந்து உயிர். அம்மா, அப்பா இரண்டையும் அந்த மொழியில் சொல்ல முடியாது. மறுப்பதற்குத் தனிச்சொல் கிடையாது. நாம் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டுகிறோமே, அந்த ‘ச்சு’வை வினைக்கு முன்னால் வைத்தால் போதும்.

அவர் அதிகம் உழைத்தது வினைச்சொல்லில். ‘லா’ வருதல், ‘தெ’ தின்னுதல், ‘கீ’ வெட்டுதல். வந்தான், வருகிறான், வருவான் என்ற பிரிவே இல்லை. மலாய்க்காரர்கள் வினையை மாற்றாமலே காலத்தைச் சமாளிக்கும்போது என் ஆட்களால் முடியாதா என்பது பையனின் வாதம். சொல்பவர் கண்ணால் பார்த்தாரா இல்லையா என்பதுதான் அங்கே முக்கியம். பார்த்தால் ‘நா’, பார்க்காவிட்டால் ‘சே’. ஒருவர் என் கண்ணெதிரே வந்தால் ‘லானா’. வந்தாரோ, வருகிறாரோ, இனித்தான் வருவாரோ, என் கண்ணில் படவில்லை என்றால் ‘லாசே’. பனிமூட்டத்தில் படகு தெரிகிறதா என்பதைவிட முகத்துவாரத்து ஆட்களுக்கு வேறென்ன கவலை? ஏவுவதற்கும் கேட்பதற்கும் ‘ரெய்’. இதை வைத்துக்கொண்டு நாற்பத்தைந்து வருடத்தில் நான்கு நோட்டுப் புத்தகங்களை நிரப்பினார். அவரே செய்தவை மட்டும் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது சொற்கள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருமுறை தேவாலயத் திருவிழாவில் ஒரு மேசை கேட்டு வாங்கி, ஓரெய்ன் எழுத்து அட்டவணையை ஒட்டி வைத்தார். பக்கத்து மேசையில் கேக் விற்ற ரோசலின் டீச்சர் எட்டிப் பார்த்து, “இது என்ன, சீனமா?” என்றார். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. அவருடைய ஆசையோ சிறியது. படித்தவர் ஒருவர் வந்து, இது ஒரு மொழியா என்று கேட்க வேண்டும். ஆமாம் என்று தான் சொல்ல வேண்டும்.

முத்தாயி அவருக்கு அறிமுகமானது ஆயர் குரோவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில். பொட்டலம் கட்டும் வரிசையில் பதினொரு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பேச்சுச் சத்தம் கேட்டால் சூப்பர்வைசர் தினேஸ்வரன் ஓடி வருவார். தமிழ், மலாய், இங்கிலீஷ், கொஞ்சம் ஹொக்கியன் சீனம் எல்லாம் அவருக்குத் தெரியும். எதில் திட்டினாலும் பிடித்துவிடுவார்.

“உனக்கு ஏதோ தனி பாஷை தெரியுமாமே கிளீட்டு,” என்று முத்தாயி ஒருநாள் கேட்டார். “அதுல கருவாட்டுக்கு என்னா?”

“சாகெ.”

“கருவாடு வருதுன்னு எப்படிச் சொல்றது?”

“சாகெ லானா.”

அன்றிலிருந்து தினேஸ்வரனுக்கு அதுதான் பெயர். இருவரும் அடிக்கடி உச்சுக்கொட்டுவதைக் கேட்ட அவர், தன் வேலைச் சுமையைப் பார்த்து இரக்கப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஒரு தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்தார். “சாகெ தெரெய்,” என்று முத்தாயி டப்பாவைத் திறந்து நீட்டினார். கருவாட்டைத் தின்னு. கிளீட்டசுக்குப் புரையேறியது.

முத்தாயிக்கு மொழிமேல் தனிப் பற்று ஒன்றும் கிடையாது. திட்ட வசதியாக இருந்ததால் கற்றுக்கொண்டார். “ஒரு மகரம் இல்லாத குறைக்கு என் பேர பாதியாக்கி தாயின்னு கூப்புடுறான் பாரு,” என்று மற்றப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பார். “எம்மவன் பேரு மட்டும் முழுசா நிக்குது. சுரேனு.”

ஆட்குறைப்பில் இருவருக்கும் வேலை போனது. அடுத்த வருடம் சுரேனின் மோட்டார் சைக்கிளை ஒரு லோரி மோதியது. இருபத்தாறு வயது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முத்தாயி மகனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை.

கருமாதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலயப் பூசை முடித்துவிட்டு கிளீட்டஸ் பாயா ரும்புட்டில் அவர்கள் வீட்டுக்குப் போனார். கூடத்தில் உறவுக்காரர்கள், “நல்லவனா இருந்தான், ஓடி ஓடி உழைச்சான்,” என்று பேசிக்கொண்டிருந்தார்கள். முத்தாயி அவர்களைத் தாண்டி கிளீட்டசைப் பார்த்தார்.

“சுரேன் லாசே,” என்றார்.

சுரேன் வந்தான், வருகிறான், வருவான். நான் பார்க்கவில்லை.

அக்கா, வேண்டாம், தமிழ்லயே அழுங்க என்று கிளீட்டஸ் அப்போது சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது வேறு. “லாசே, தாயி, லாசே.”

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனார். பல் கிளினிக் ஒன்றில் முன்மேசை வேலை பார்க்கும் வாணி, அம்மா வாயைத் திறந்து பேசுகிறாரே என்ற ஆறுதலில் தேநீர் போட்டுக் கொடுத்தாள். மூன்றாம் மாதம் முத்தாயி தமிழை நிறுத்திவிட்டார். யாராவது தமிழில் பேசினால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கிளினிக்கிலிருந்து திரும்பும் மகளிடம்கூடப் பேசவில்லை. ஐந்தாம் மாதம், வலது கால் மணலில் புதைந்து நடப்பதுபோல் இருக்கிறது என்று சொல்ல வந்தவர், அந்த உணர்வுக்குத் தானே ஒரு சொல்லைச் செய்தார்: நிஸி. கிளீட்டஸ் நோட்டைத் திறந்து, 2341 என்று எண் போட்டு எழுதிக்கொண்டார். பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தான் செய்யாத ஒரு சொல் தன் மொழியில் பிறந்துவிட்டது. மருந்து சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. பத்தாம் மாதம் முத்தாயி காலைத் துணியால் மூடிவைத்திருந்தார். அறையில் ஒரு வாடை இருந்தது. அன்றைக்கும் ஆறு புதிய சொற்கள் கிடைத்தன.

இப்போது அந்த வாடைதான் வார்டின் கதவிலேயே அவரை நிறுத்தியது.

கட்டிலைச் சுற்றிச் சின்னக் கூட்டம். “எங்க வூட்ல தெலுங்குதான், இது தெலுங்கில்ல,” என்றார் கட்டில் தள்ளும் அப்புசாமி. “மலையாளமும் இல்ல. சும்மா சும்மா உச்சுக்கொட்டுது,” என்றார் தாதியான மிஸ்ஸி சாந்தி. அடுத்த கட்டிலில் இருந்த கிழவி விடவில்லை. “முனியாண்டி எறங்கியிருக்கு. ஒரு சுருட்டக் கொளுத்தி வெச்சுப் பாருங்க.”

“வார்டுல சுருட்டா? என்னை வேலைய விட்டுத் தூக்கவா பாட்டி?” என்றார் மிஸ்ஸி.

டாக்டர் புவனேந்திரன் இளைஞர். முதல்நாள் முழுக்கத் தூங்காதவர்போல் இருந்தார். கிளீட்டசையும் வாணியையும் ஓரமாக அழைத்துப்போனார்.

“அங்கிள், நேரா சொல்லிடுறேன். விஷம் ரத்தத்துல ஏறிக்கிட்டு இருக்கு. இன்னைக்கு வெட்டினா பொழைப்பாங்க. விட்டா மூணு நாளு, மிஞ்சினா நாலு. அவங்க தெளிவா இருந்து வேணாம்னு சொன்னா நாங்க தொட முடியாது. புத்தி தடுமாறிப் பேசுறாங்கன்னா, நானும் இன்னொரு டாக்டரும் எழுதிக் குடுப்போம், மக கையெழுத்துப் போடலாம். மனநல டாக்டர் ரெண்டு தடவ பார்த்துட்டாரு, அவராலயும் சொல்ல முடியல. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். இவங்க பேசுறது ஒரு மொழியா, உளறலா?”

நாற்பத்தைந்து வருடமாகக் காத்திருந்த கேள்வி. படித்த ஒருவர், பதிலை எழுதிக்கொள்ளப் பேனாவோடு நின்று கேட்கிறார்.

“மொதல்ல பேசிப் பார்க்கிறேன் டாக்டர்.”

அவரைக் கண்டதும் முத்தாயியின் முகம் தெளிந்தது. பக்கத்தில் உட்காரச் சொன்னார். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. ஆனால் பேச்சில் குழறல் இல்லை.

“ச்சு கீரெய்,” என்றார். வெட்டாதே. பிறகு நிதானமாக, ஒவ்வொரு வினைக்கும் சரியான முடிவு வைத்துக் காரணம் சொன்னார். சுரேன் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நிற்கும்போது யாராவது நடந்துபோய்த் திறக்க வேண்டும். வாணி வேலைக்குப் போய்விடுகிறாள். எனவே கால் வேண்டும்.

கால் இருந்தால் நீங்கள் செத்துப்போவீர்கள் என்று எச்சரிக்க கிளீட்டஸ் வாயைத் திறந்தார். சொல் இல்லை. அத்தனை ஆயிரம் சொற்களில் சாவுக்கு அவர் ஒன்றும் செய்திருக்கவில்லை. பன்னிரண்டு வயதில், அப்போதுதான் கிடைத்த முன்னோரைச் சாகடிக்க மனம் வரவில்லை. பிறகு அதுவே ஒரு பெருமையாகி, அப்படியே விட்டுவிட்டார். இப்போது சுற்றி வளைத்து, நீங்கள் காணாமல் போவீர்கள், யார் கண்ணிலும் படமாட்டீர்கள் என்று சொல்லிப் பார்த்தார்.

முத்தாயி சிரித்தார். அவன் எங்கேயோ அங்கேதான் நானும், அதற்கென்ன என்றார்.

“அக்கா, செத்துப்போயிருவீங்க!” என்று தமிழில் கத்தினார் கிளீட்டஸ். முத்தாயி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மனுஷி தெளிவாக இருந்தார். கேட்டதைப் புரிந்துகொண்டார், யோசித்தார், மறுத்தார். அதில் கிளீட்டசுக்குச் சந்தேகமே இல்லை. வாணியிடம் வந்து அப்படியே சொன்னார்.

“அப்போ டாக்டர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?”

“உள்ளதத்தானேம்மா சொல்லணும்.”

“எது அங்கிள் உள்ளது?” வாணி அவரை வார்டுக்கு வெளியே இழுத்துப்போனாள். “ஸ்கூல் பையனா இருந்தப்ப நீங்க கட்டுன கதை அது. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து எங்கம்மாவ அதுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டீங்க. நானும் முட்டாளு, டீ போட்டுக் குடுத்தேன். பத்து மாசமா பக்கத்துல உக்காந்து பேசினீங்களே, கால் அழுகுறது ஒரு தடவகூடவா உங்க கண்ணுல படல?”

வாணி அவர் கையைப் பிடித்தாள்.

“அண்ணன் போயிட்டான். இவங்களையும் என்னால குடுக்க முடியாது அங்கிள். உளறல்னு ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க கால்ல விழுறேன்.” விழவும் போனாள். அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

டாக்டர் கட்டிலருகே காத்திருந்தார். “சொல்லுங்க அங்கிள்.”

“உளறல், டாக்டர்.”

“நிச்சயமா?”

“மொழியெல்லாம் இல்ல. பெக்டரியில சூப்பர்வைசர கிண்டல் பண்ண நாங்க சும்மா போட்ட சத்தம். அதுக்கு ஒரு அர்த்தமும் கெடையாது.”

டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார்.

“யாருடா உளறுறா?”

ஏழு மாதத்தில் முத்தாயி பேசிய முதல் தமிழ். துருப்பிடித்த கேட்டைத் திறப்பதுபோல் இருந்தது குரல். முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார்.

“ஏண்டா கிளீட்டு, நாலு நோட்டு எழுதினியே, உளறலயா எழுதின? ஒரு எடத்துல தப்பா சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவியே, உளறலுக்கா? இவனுங்க முன்னால மானத்துக்கு அஞ்சி பொய் சொல்றியா?”

“பொய் இல்லக்கா. உளறல்தான்.”

“எங்கூட இத்தன மாசமா பேசுனது?”

“அதுவும்தான்.”

முத்தாயிக்கு மூச்சு வாங்கியது. கண் அவர் முகத்தை விட்டு அகலவில்லை.

“அப்போ சுரேனு?”

கிளீட்டஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் தன் மொழி மட்டும்தான் போயிருக்கும். ஆனால் கேள்வி வந்துவிட்டது, அதற்குப் பதில் சொல்ல அங்கே வேறு ஆளும் இல்லை.

“சுரேன் செத்துட்டான்க்கா. அன்னிக்கே, ரோட்டுலயே செத்துட்டான். பெட்டிய ஒரு பக்கம் நான்தான் தூக்கினேன்.”

அந்த அலறல் கேட்டுக் கீழ்மாடியிலிருந்து ஜாகா ஓடிவந்தார். மிஸ்ஸி திரையை இழுத்துவிட்டார். வாணி தாயின்மேல் விழுந்து கட்டிக்கொண்டாள். சுருட்டு வைக்கச் சொன்ன கிழவி, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதார்.

எவ்வளவு நேரம் போயிற்றோ. டாக்டர் பேனாவைப் பையில் செருகிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு இனி யாருடைய சாட்சியும் தேவையில்லை. நோயாளி தெளிவாக இருந்தார், அதுவும் தமிழில். இப்போது அவர் வேண்டாம் என்றால் முடிந்தது. தான் எதற்காகப் பொய் சொன்னோமோ அது கைநழுவிப் போய்விட்டது என்று கிளீட்டசுக்குப் புரிந்தது.

“அம்மா, இப்ப உங்களையே கேக்குறேன்,” என்றார் டாக்டர்.

முத்தாயி அவரைப் பார்க்கவில்லை. வாணியின் தலையைக் கையால் விலக்கி, முகத்தைப் பார்த்தார்.

“ஏண்டி இப்படி கறுத்துப் போயிட்ட? வேலைக்குப் போகலியா?”

“லீவு போட்டிருக்கேன்மா.”

“எத்தன நாளா?”

“அஞ்சு நாளு.”

முத்தாயி மகளின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார்.

“முட்டிக்கு மேலயா, கீழயா?”

“இன்னைக்குன்னா கீழம்மா. நாளைக்குன்னா மேல போயிடும்.”

“மொதல்ல இவன வெளிய போகச் சொல்லு,” என்று கிளீட்டசை நோக்கிக் கையை நீட்டினார். “அப்புறம் பேனாவக் குடு.”

அவர் வெளியே போனார்.

ஆறு வாரம் கழித்து, மீன் வாங்க வந்த பாசாரில் கூட்டம் குறைந்த நேரத்தில், கிளீட்டஸ் வாணிக்கு அழைத்தார். அதற்கு முன் மூன்று ஞாயிறு அழைத்தும் அவள் எடுக்கவில்லை.

“கால் ஆறிடுச்சு அங்கிள். அடுத்த மாசம் பொய்க்காலுக்கு அளவெடுக்கிறாங்க. நடக்கப் பழக்குற மிஸ்ஸியோட தெனம் சண்டை.”

“நான் ஒரு தடவ வந்து பார்க்கட்டுமா?”

“வேணாம் அங்கிள். உங்க பேர எடுத்தாலே தட்டத் தள்ளி வெச்சிடுறாங்க. நீங்க செஞ்சது எனக்குத் தெரியும். ஆனா வராதீங்க.”

“சரிம்மா. மத்த நேரம் சாப்பிடுறாங்களா?”

“சாப்பிடுறாங்க. ராத்திரி அழறாங்க, காலையில சாப்பிடுறாங்க. நேத்து நண்டு கேட்டாங்க.”

“எதுல கேட்டாங்க?”

கேட்டிருக்கக் கூடாது. வாயிலிருந்து அதுவாக வந்துவிட்டது.

“தமிழ்ல, அங்கிள்,” என்றாள். “இனிமே ஃபோன் பண்ணாதீங்க.”

அவர் சரிம்மா என்று சொல்வதற்குள் அவள் வைத்துவிட்டாள்.